ரெசின் கார்களும் என் வலது கையும்

ஐம்பது தாண்டிய பிறகு நான் மறுபடியும் கார் செய்ய ஆரம்பித்தேன். ஓட்டுகிற கார் இல்லை, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற மாதிரிக் கார். மகள் வேலைக்காக பெங்களூர் போய்விட்டாள். செம்பூர் வீட்டில் அவளுடைய மேஜை காலியாகக் கிடந்தது. ஐரோலியில் ஆபீஸ் முடித்து, வாஷியில் ரயில் மாறி, வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு அந்த மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் போனில் வேறு எதையோ தேடப்போய், பள்ளிக்கூடக் காலத்தில் நான் செய்தது போன்ற கார்களை இன்னமும் ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. புனேயில் ஒருவர் வீட்டிலேயே ரெசின் என்கிற இறுகும் பிசினை அச்சில் ஊற்றி, பம்பாயின் பழைய கறுப்பு மஞ்சள் டாக்ஸியை வார்த்து விற்கிறார் என்பதும் தெரிந்தது. அன்றைக்கே ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன்.

பெட்டி வந்ததும் என் மனைவிதான் முதலில் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா இத்தன நாளும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தீய? துணி சோப்பு மாதிரில்லா இருக்கு."

அவள் சொன்னதில் தப்பில்லை. சின்ன வயதில் நான் செய்தவை பிளாஸ்டிக் கார்கள். கதவு, சக்கரம், கண்ணாடி எல்லாம் ஒரு சட்டத்தில் தொங்கிக்கொண்டு வரும். கிள்ளி எடுத்து ஒட்டினால் கார். ரெசின் அப்படியில்லை. காரின் உடம்பு ஒரே கட்டியாக வரும். அச்சிலிருந்து வழிந்து இறுகிய பிசிறு ஓரமெல்லாம் நிற்கும். கூரையில் ஊசிமுனை அளவுக்குக் காற்றுக்குமிழிகள் இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். பிறகு உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் நேராக நெஞ்சுக்குள் போய்விடும். குழிகளில் புட்டிப் பசை அடைத்து, மறுபடி தேய்த்து, ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்தால் அதுவரை கண்ணில் படாத குழிகள் எல்லாம் எழுந்து வந்து சிரிக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொறுமை இருக்கிறவனுக்கும் கை ஆடாமல் நிற்கிறவனுக்கும்தான் ரெசின்.

என் கை நிற்கிற கை. பெருமைக்குச் சொல்லவில்லை, ஊர் அறிந்த விஷயம். தாராவியில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற ஆள் வராத நாட்களில் என்னைத்தான் கூப்பிடுவார். எவர்சில்வர் குடத்தின் வளைவில் கல்யாணப் பெண்ணின் பெயரை நான் வெட்டினால் ஒரு எழுத்து பிசகாது.

அந்தக் கையை அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கண்டுகொண்டவன் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருவன். அவனை நண்பன் என்று எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். அவனுடைய மாமா கப்பலில் வேலை பார்த்தார். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கார் பெட்டி கொண்டுவருவார். அவன் செய்முறைத் தாளைப் படிப்பான், நான் ஒட்டுவேன். முடிந்ததும் கார் அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். ஒரு தடவை, ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். "எதுக்குடா? உங்காத்துல வைக்க எடம் இருக்கா? இங்கயே வந்து பாத்துக்கோ" என்றான். உண்மையில் இடம் இல்லைதான். நானும் அங்கேயே போய்ப் பார்த்துக்கொண்டேன்.

டாக்ஸி பெட்டி வந்த அதே வாரம் போனில் கார் செய்கிறவர்களின் குரூப் ஒன்றில் சேர்ந்தேன். மும்பை முழுவதிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். குஜராத்தி, மராத்தி, பார்ஸி, நம்மவர்கள் சிலர். அங்கே எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஒருவன் இருந்தான். அவன் செய்த கார்களின் படத்தைப் பார்த்தால் நிஜக் காரா என்று சந்தேகம் வரும். அது அந்தப் பள்ளிக்கூட நண்பனேதான். எனக்கு முன்னாலேயே அவனும் இதற்குத் திரும்பி வந்திருந்தான். என் பெயரைப் பார்த்ததும் போன் செய்தான்.

"அரே, நீயா! இன்னும் உயிரோடதான் இருக்கியா? வா வா. உன் கையைப் பாத்து எத்தனை வருஷமாச்சு."

சந்தோஷமாக இருந்தது. இப்போது யோசித்தால், என்னைப் பார்த்து என்று அவன் சொல்லவில்லை.

டாக்ஸியோடு மல்லுக்கட்டினேன். கழுவித் தேய்த்து ப்ரைமர் அடித்தவரை சரியாகத்தான் போனது. நுணுக்கமான வேலை வந்ததும் ஏதோ பிசகியது. வெளிப்பக்கக் கண்ணாடியை இடுக்கியில் பிடித்து ஒட்டப்போனால் அது சுண்டிவிட்டது போலத் தெறித்து ஓடும்; நானும் மனைவியும் தரையில் தவழ்ந்து தேடுவோம். முன்கண்ணாடியைப் பொருத்தும்போது சூப்பர் க்ளூ துளி இழுத்துக்கொண்டு போய், டிரைவர் முகத்துக்கு நேராக வெள்ளையாகப் பூத்துவிட்டது. மஞ்சள் கூரைக்கும் கறுப்பு உடம்புக்கும் நடுவில் கோடு நெளிந்தது. விளக்கு போதவில்லை என்று புது விளக்கு வாங்கினேன். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று கண் டாக்டரிடம் போனேன். டீயைக் குறைத்தேன். இத்தனைக்கும் நடுவில் என் வலது கையை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. குடத்தில் பெயர் வெட்டிய கை அது.

ஒருவழியாக முடித்துப் படத்தைக் குரூப்பில் போட்டேன்.  முதலில் அவனுடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது, எல்லோரும் கேட்கும்படியாக.

"டேய், இந்த டாக்ஸிக்கு ஆக்ஸிடென்ட் ஆனாப்புல இல்லை. பொறந்ததே ஆக்ஸிடென்ட்லதான்."

இந்தியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னான், யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதென்று. சிரிப்பு முகங்கள் வந்து விழுந்தன. அடுத்த நாள் யாரோ என் டாக்ஸியை வெட்டி எடுத்து ஸ்டிக்கராகச் செய்திருந்தார்கள். அதன் கீழே இந்தியில் 'பஸ் கர் பாய்', போதும்டா சாமி, என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு யாருடைய காரில் பெயின்ட் வழிந்தாலும் என் டாக்ஸி வந்து நிற்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் ஒரு ஓட்டலின் மாடி அறையில் கூடுவார்கள். செய்த கார்களை மேஜையில் வரிசையாக வைப்பார்கள். குர்லாவில் ரயில் மாறி நானும் போனேன், டாக்ஸியைப் பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு. அவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனான். எங்கே பசை வழிந்திருக்கிறது, எங்கே கோடு நெளிந்திருக்கிறது, எந்தச் சக்கரம் தரையில் படவில்லை என்று சுண்டு விரலால் காட்டிக்கொண்டே போனான். வகுப்பு எடுப்பது போல இருந்தது. அவன் சொன்ன ஒவ்வொன்றும் சரி. "இவன் யாரு தெரியுமா? ஸ்கூல்ல எனக்குக் கார் பண்ணிக் குடுத்தவன்" என்று கடைசியில் முடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய முடியும்? இட்லி வந்தது, சாப்பிட்டேன்.

என் கையைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது பேங்க்தான். கையெழுத்து பொருந்தவில்லை என்று செக்கைத் திருப்பிவிட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண் என் எதிரிலேயே மறுபடி மறுபடி போடச் சொன்னாள். போடப் போடக் கையெழுத்து எறும்பு போலச் சின்னதாகிக்கொண்டே வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர், "அங்கிள், ஜல்தி" என்றார்.

மனைவி என்னைச் சயானில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா என்னை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வர வேண்டும். நான் வரைந்ததைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. கை நடுங்குகிற அந்த நோயின் பெயரை அவர் மெதுவாகத்தான் சொன்னார். மாத்திரை உண்டு, கட்டுக்குள் வைக்கலாம், பயப்பட வேண்டாம் என்றார். நான் கார் செய்வதைப் பற்றிக் கேட்டேன்.

அவர் சிரித்தபடி இந்தியில், ஹாபியை மாற்றிக்கொள்ளுங்களேன், பாட்டுக் கேளுங்கள், அதற்குக் கை வேண்டாமே என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அழவில்லை.

"இனியாவது அந்தக் குப்பையையெல்லாம் எடுத்து ஒதுக்கலாம்லா?" என்றாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு காலையில் என் சட்டைப் பித்தானைப் போட்டுவிடுகிற வேலை அவளுக்கு வந்து சேர்ந்தது. அவளும் செம்பூரில் ஒரு ஸ்கூலில் வேலைக்குப் போகிறவள். குக்கர் ஒரு பக்கம் கத்த, "ஆட்டாம நில்லுங்க, ஆட்டாம நில்லுங்க" என்பாள். ஆட்டுவது நான் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுவாள். ஒரு நாள் பித்தான் கையோடு வந்துவிட்டது. "புள்ளைய வளத்து அனுப்பியாச்சுன்னு நெனைச்சேன்" என்றாள்.

நோய் விஷயத்தைக் குரூப்பில் நான் சொல்லவில்லை. சொன்னது அவள்தான். நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் செய்திருக்கிறான், எடுத்துப் பேசியிருக்கிறாள்.

"கேட்டாரு, சொன்னேன். சொன்னா என்ன இப்போ? மறைச்சு வைக்க அதென்ன கள்ளக் கடத்தலா?"

அன்றைக்கே அவன் வழியாகக் குரூப்புக்குத் தெரிந்து, அந்த டாக்ஸி ஸ்டிக்கர் மறைந்துபோனது. அதன் பிறகு ஒருவரும் அதைப் போடவில்லை. நான் ஒரு பழைய ஆம்புலன்ஸ் வண்டி செய்துகொண்டிருந்தேன். அதன் படத்தைப் போட்டதும் இதயங்கள் வந்து குவிந்தன. கும்பிடு போட்ட கைகள். 'நீங்கதான் எங்களுக்கு உதாரணம்' என்று ஒருவர். 'கண்ணில் தண்ணி வந்துவிட்டது' என்று இன்னொருவர். அவன் ஒரே வார்த்தை எழுதியிருந்தான்: 'தைரியம்.'

எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே ஒரு வண்டியின் உடம்பில் ப்ரைமர் ஸ்ப்ரேயை மிகவும் பக்கத்தில் வைத்து அடித்தேன். கூரையிலிருந்து கதவுவரை மெழுகுவர்த்தி போல வழிந்தது. பைத்தியக்காரன்கூட அதை வெளியில் காட்டமாட்டான். போட்டேன். இதயங்கள். 'வாவ் அண்ணா.' 'இந்த டெக்ஸ்சர் எப்படிப் பண்ணினீங்க?' என்று ஒருவர் கேட்டிருந்தார். கேலி இல்லை, மெய்யாகவே கேட்டார்.

ஸ்டிக்கராகச் சுற்றிய நாட்களில் எனக்கு ஆத்திரம் வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பில் நான் ஒரு ஆளாக இருந்தேன். மோசமாகக் கார் செய்கிற ஆள். இந்த இதயங்களுக்கு நடுவில் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான், ஆஸ்பத்திரிக்கு வருகிறவனைப் போல ஆப்பிள் பையோடு. மனைவி காபி போட்டாள். கொஞ்ச நேரம் என் மாத்திரைகளைப் பற்றிப் பேசினான். பேச்சோடு பேச்சாக எழுந்து, டி.வி.க்கு மேலே இருக்கிற அலமாரியைத் திறந்தான். இன்னும் செய்யாத பெட்டிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவன், பின்னால் இருந்த ஒரு சின்னப் பெட்டியைத் தொட்டதும் நின்றுவிட்டான்.

"என்னடா இது? இது உன்கிட்ட எப்படிடா?"

"மக ஆபீஸ் வேலையா ஜப்பான் போனப்போ வாங்கிட்டு வந்தா."

அது ஒரு பழைய இத்தாலியப் பந்தயக் கார். ரெசின் உடம்பு, மெல்லிய தகட்டில் அரித்தெடுத்த மயிரிழைப் பாகங்கள். அதை வார்த்துக்கொண்டிருந்தவர் தொழிலையே நிறுத்திவிட்டார் என்றும், இனி எங்கே தேடினாலும் கிடைக்காது என்றும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரிந்திருக்காது. கடையில் சிவப்பாக அழகாக இருந்தது, வாங்கினேன் என்றுதான் அவள் சொன்னாள்.

அவன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"கோவிச்சுக்காதே. நீ இதைப் பண்ணப் போறதில்லை. உனக்கே தெரியும்."

"பண்ணுவேன்."

"எந்தக் கையால?"

 மனைவி காபி டம்ளர்களை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள்.

"வீணாப் போயிடும்டா. பசை வழிஞ்சு, கண்ணாடி வெளுத்து... நன்னா இருக்க வேண்டியது. எனக்குக் குடு. நான் பண்றேன். உன் பேரைச் சொல்லியே பண்றேன்."

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

அவன் போன பிறகு மனைவி சொன்னாள்: "குடுத்துருங்களேன். அவராவது உருப்படியாச் செய்வாரு."

அடுத்த வாரம் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து அலமாரியைத் திறந்தேன். பெட்டிகள் இருந்த இடத்தில் பெட்ஷீட்டுகள் மடித்து அடுக்கியிருந்தன.

"எங்க?"

"எடுத்துட்டுப் போயிட்டாரு. அவரே ஆட்டோ பிடிச்சு வந்தாரு."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"உங்களக் கேட்டா குடுத்திருப்பீயளா?"

"அதுல நம்ம பிள்ள வாங்கிட்டு வந்தது இருந்துச்சு."

"அவகிட்டக் கேட்டுட்டுத்தான் குடுத்தேன். குடுத்துருங்கம்மா, அதப் பாத்துப் பாத்து அப்பா டென்ஷன் ஆவுறாங்கன்னு சொல்லிட்டா." அவள் என் முகத்தைப் பார்க்காமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "ராத்திரி சாப்பாட்டுத் தட்ட நீங்க தூக்கும்போது நான் பாக்குற பார்வை உங்களுக்குத் தெரியாது. எங்க கொட்டுமோ, எங்க கொட்டுமோன்னு. இதுல கத்தி, பசை, ஸ்ப்ரே. யாரு பாப்பா?"

மகளுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். அவளிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

சில மாதங்கள் குரூப்பில் அவன் அந்தக் காரைச் செய்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினான். பொய் சொல்லக் கூடாது, அற்புதமாகச் செய்தான். அந்தத் தகட்டுக் கம்பிகளை நான் நல்ல கையோடு இருந்தபோதுகூட அப்படி வளைத்திருப்பேனா என்று தெரியாது. ஒவ்வொரு படத்தின் கீழும் 'என் நண்பனுக்காக' என்று எழுதினான். எல்லோரும் உருகினார்கள். அந்தப் பெட்டி அவனிடம் எப்படிப் போனது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

முடித்ததும், அந்த மாதக் கூட்டத்துக்கு நான் கட்டாயம் வர வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். போனேன். மாடி அறையில் வழக்கத்தைவிடக் கூட்டம். சிவப்புக் கார் நடு மேஜையில், ஒரு கறுப்புத் துணிமேல். அவன் எழுந்து பேசினான். சின்ன வயதில் நான்தான் அவனுக்குக் கார் செய்யக் கற்றுக்கொடுத்தேன் என்றான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் அவன் பசைக் குழாயைக்கூடத் தொட்டதில்லை. விதி, நட்பு என்று என்னென்னவோ சொன்னான். பிறகு காரை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"இது உனக்குத்தான். நீயே உன் கையால வாங்கிக்கோ."

போன்கள் எல்லாம் எங்களைப் பார்த்து உயர்ந்தன. நான் வலது கையை நீட்டினேன். அது எப்போதும் போல ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவன் காரை என் விரல்களில் வைத்துவிட்டு, தன் உள்ளங்கையை அடியில் கொண்டுவந்து ஏந்தினாற்போல வைத்துக்கொண்டான். குழந்தை பால் குடிக்கும்போது டம்ளருக்கு அடியில் கை வைப்பார்களே, அப்படி.

"கைய எடு" என்றேன்.

"இருக்கட்டும்டா."

"எடு லே."

அவன் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தபடி கையை எடுத்தான். காரின் அடிப்பாகம் என் மோதிரத்தில் பட்டு டிக்டிக்கென்று சத்தம் போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பையன் மூக்கை உறிஞ்சினான். முன்கண்ணாடி அத்தனை தெளிவு, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

கை நடுங்கியது உண்மை. ஆனால் என் நடுக்கத்துக்கு ஒரு பொருளைக் கீழே போடத் தெரியாது. ஆட்டத்தான் தெரியும். விரல்களைத் திறந்தது நான்.

ரெசின் பிளாஸ்டிக்கைப் போல நெளியாது. பீங்கான் போல உடையும். மொசைக் தரையில் அது பட்ட சத்தம் இட்லித் தட்டு விழுந்த அளவுகூட இல்லை. கூரை ஒரு பக்கம், முன்பாகம் ஒரு பக்கம். ஒரு சக்கரம் உருண்டு மேஜைக்கு அடியில் போனது.

"அய்யோ" என்று ஒரு குரல். பிறகு எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். பரவாயில்லை அங்கிள், உங்க தப்பில்லை அங்கிள். யாரோ நாற்காலி கொண்டுவந்து என்னை உட்காரவைத்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், அதையும் அவர்களே பிடித்துக்கொண்டு. அவன் மட்டும் தரையில் மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பொறுக்கியபடியே ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். எதிரில் உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் அவன். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மாட்டுங்கா ஸ்டேஷன் மேம்பாலத்தில் என்னைப் பின்னாலிருந்து வந்து பிடித்தான்.

"வேணும்னே போட்டே."

"ஆமா."

மறுப்பேன் என்று நினைத்திருப்பான் போல. 

"எத்தனை நாள் உக்காந்தேன் தெரியுமாடா அதுக்கு? கண்ணு போச்சு. முதுகு போச்சு. ஏன்டா?"

"நான் இல்லாதப்போ வீட்டுக்கு வந்து தூக்கிட்டுப் போனேல்லா."

"உன் ஒய்ஃப் குடுத்தா. நான் திருடலை."

"திருடியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

கீழே ஒரு ஸ்லோ ரயில் வந்து போனது. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள். அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். முதல் தடவையாக அவன் எனக்குக் கிழவனாகத் தெரிந்தான்.

"இதே எனக்கு வந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டான்.

"சிரிச்சிருப்பேன். நீ சிரிச்ச மாதிரி."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறமும் சிரிச்சிருப்பேன். கும்பிடு போட்டிருக்க மாட்டேன்."

அவன் கீழே தண்டவாளத்தைப் பார்த்தான்.

"என் கார் கண்றாவியா இருந்தா கண்றாவின்னு சொல்லு. அது போதும்" என்றேன்.

"சொன்னா என்னை வெட்டிப் போட்டுடுவா எல்லாரும்."

"அது உன் பாடு."

"சரி" என்றான். "அப்பறம் அழப்படாது."

அவன் அவன் பக்கம் போனான், நான் என் பக்கம் இறங்கினேன். இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.

புனேக்காரரிடம் ஒரு லாரி வாங்கினேன். பெரிய அளவு, பெரிய பாகங்கள். மனைவி பெட்டியைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். ஆபீஸுக்கும் நீண்ட லீவு போட்டிருந்தேன். மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து, கையை மேஜை விளிம்பில் அழுத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். லாரிக் கதவின் ஓரக்கோட்டை ஆழப்படுத்த வேண்டியிருந்தது. ஊசியால் கீற வேண்டும். கீறினேன். ப்ரைமர் அடித்துப் படத்தைப் போட்டேன்.

வழக்கம் போல இதயங்கள். அதற்கு நடுவில் அவன் எழுதினான்: 'கதவுக் கோடு கோணல். ப்ரைமர் தடிமன். ஸ்கூல் பையன்கூட இதைவிட நன்னாப் பண்ணுவான். முதல்லேர்ந்து ஆரம்பி.'

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

குரூப் கொதித்துவிட்டது. மனுஷனா நீ என்று ஒருவர். நோயாளியிடம் காட்டுகிற வீரமா என்று இன்னொருவர். பழைய டாக்ஸி ஸ்டிக்கரைப் போட்டுக் கும்மாளம் அடித்தவர்கள்தான் எல்லோரும். அவனுக்குப் பெரிய ஆள் என்ற திமிர், அன்றைக்கு அந்தக் கார் உடைந்ததை இன்னும் மனதில் வைத்துக்கொண்டு பழிவாங்குகிறான் என்றார்கள். அவன் பதில் சொல்லவே இல்லை. அந்தக் காரை நான் வேண்டுமென்றே கீழே போட்டேன் என்று அவன் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

நான் எழுத ஆரம்பித்தேன். நான்தான் அவனைச் சொல்லச் சொன்னேன் என்று. என் விரல் ஒரு எழுத்தைத் தொடப்போனால் பக்கத்து எழுத்தில் விழும். அழித்து அழித்துத் தட்டினேன். பாதி வரி வருவதற்குள், அவன் நீக்கப்பட்டான் என்று திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்துவிட்டது. நீக்கியவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார்: 'இனி உங்களை யாரும் புண்படுத்த மாட்டார்கள் அங்கிள்.'

தட்டிய பாதி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அதை அனுப்பினால் என்ன, அனுப்பாவிட்டால் என்ன என்று இருந்தது. அழித்துவிட்டேன். 

அவனுக்குப் போன் செய்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுத்தான்.

"சந்தோஷமா?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

குரூப்பில் என் லாரிக்கு இன்னும் இதயங்கள் வந்துகொண்டிருந்தன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, லாரியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கதவின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தேன். கோணல்தான்.